டூலாலி: ஆங்கிலேயர் வாயில் 'பைத்தியம்' ஆகிப்போன மராட்டிய ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரிட்டனில் வேலை பார்ப்பவர்கள், அங்கே செவிலியராகவோ மாணவராகவோ போனவர்கள், சென்னையில் இருந்தபடியே லண்டன் அலுவலகத்தோடு பேசுகிறவர்கள் என்று பலர் காதில் விழுந்து, "அதென்ன டூலாலி?" என்று கேட்க வைக்கும் சொல் இது. கேட்டவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி தவறு. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்த ஊர்" என்பது ஒன்று. "வெயில் தலைக்கேறியவர்களின் ஊர்" என்பது இன்னொன்று. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

டூலாலின்னா என்ன அர்த்தம்? சுருக்கமா சொல்லுங்க.

புத்தி பிசகிய, கிறுக்குப் பிடித்த, தாறுமாறாக நடந்துகொள்கிற என்று பொருள். முக்கியமாக பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் வாழும் கொச்சைச் சொல். ஆளுக்கும் சொல்வார்கள், ஒழுங்காக ஓடாத இயந்திரத்துக்கும் சொல்வார்கள். பெரும்பாலும் கேலியாக, சில நேரம் சலிப்பாக, அரிதாகக் கோபத்தோடு வரும்.

எப்படி உச்சரிக்கணும்? ஸ்பெல்லிங் என்ன?

டூ-லா-லி. அழுத்தம் நடுவில் உள்ள 'லா'வில். அந்த 'லா'வை நம் நெடில் போல வாய் திறந்து இழுக்காமல், 'ரேலி' (பேரணி), 'வேலி' (பள்ளத்தாக்கு) என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வருகிற 'லே'க்கும் 'லா'வுக்கும் இடைப்பட்ட ஓசையில் சொல்வார்கள். எழுத்துக்கள்: டி, இரண்டு ஓ, எல், ஏ, இரண்டு எல், ஒய். தாலாட்டில் வரும் 'லாலி'க்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

வாக்கியத்துல எங்க, எப்படிப் போடுவாங்க?

பெரும்பாலும் 'கோ' என்ற வினையோடு வரும். 'ஹி ஹாஸ் கான் டூலாலி' என்றால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. 'தி பிரிண்டர் ஹாஸ் கான் டூலாலி' என்றால் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது. அடுத்தபடி 'டிரைவ்' என்ற வினையோடு வரும்: 'திஸ் நாய்ஸ் இஸ் டிரைவிங் மி டூலாலி', அதாவது இந்தச் சத்தத்தில் எனக்கு மண்டை காய்கிறது. 'அ பிட் டூலாலி' என்று மென்மையாக்கியும் சொல்வார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு, இதைப் பெயருக்கு முன்னால் போடுவது. 'அ டூலாலி மேன்' என்றால் புரியும், ஆனால் காதுக்கு ஒட்டாது. வினைக்குப் பின்னால் வைப்பதே இயல்பு.

இது ஏதோ இந்திய ஊர்ப் பேருன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். மகாராஷ்டிரத்தில் நாசிக் நகரை ஒட்டியிருக்கும் தேவ்ளாலிதான் அந்த ஊர். மும்பையிலிருந்து வடகிழக்கே, ரயில் வழியில் சுமார் 180 கி.மீ. கசாரா மலைப்பாதை ஏறி, இகத்புரி தாண்டிப் போனால், நாசிக் ரோடு நிலையத்துக்கு முந்தைய நிறுத்தம் இதுதான். கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டருக்கு மேலே உள்ள பீடபூமி.

1861ல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே ஓர் இடைத்தங்கல் முகாம் அமைத்தது. பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கும் புதிய படைவீரர்களை இந்தியத் தட்பவெப்பத்துக்குப் பழக்குவது அதன் ஒரு வேலை. பணிக்காலம் முடிந்து ஊர் திரும்புகிறவர்களைக் கப்பல் வரும்வரை தங்கவைப்பது மற்றொரு வேலை. நமது சொல் பிறந்தது இந்த இரண்டாவது வேலையில்.

தேவ்ளாலி எப்படி டூலாலி ஆகும்? ரெண்டுக்கும் ஒட்டவே இல்லையே.

தமிழ்க் காதுக்கு இது எளிதில் பிடிபடும். மராட்டியிலும் நம்மைப் போலவே 'ள' உண்டு. ஆங்கிலத்தில் அந்த ஒலி இல்லாததால் 'ள' முதலில் 'ல' ஆனது. பல்லைத் தொட்டு வரும் 'த'வும் அவர்களுக்கு வராது, அதனால் அது 'ட' ஆனது. அடுத்தது எழுத்துக்கூட்டல். ராணுவமும் ரயில்வேயும் ஊர்ப் பெயரை டி-ஈ-ஓ-எல்-ஏ-எல்-ஐ என்று எழுதின. 'வ்' போய் அந்த இடத்தில் 'ஓ' உட்கார்ந்துவிட்டது. 'டியோலாலி' என்று வாயில் புரண்டு, 'டியோ' சுருங்கி 'டூ' ஆயிற்று.

நமக்குப் பழக்கமான திரிபுதான் இது. திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆனதும், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும் இதே வாய்க்குள்தான். இன்றைய ரயில் நிலையப் பலகையில் 'வி' எழுத்து திரும்ப வந்துவிட்டது.

அந்த முகாம்ல அப்படி என்னதான் நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. சிக்கலே அதுதான்.

அன்றைய சாதாரண பிரிட்டிஷ் படைவீரர் 12 ஆண்டு ஒப்பந்தத்தில் சேருவார். 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 6 ஆண்டு படையில், மீதி 6 ஆண்டு, தேவைப்பட்டால் மட்டும் அழைக்கப்படுபவராக, ஊரில் இருப்புப் பட்டியலில். படையில் இருக்கும் ஆண்டுகள் பிற்பாடு கொஞ்சம் கூடின. இந்தியாவில் அந்தக் காலம் முடிந்ததும் அவரைப் படைப்பிரிவிலிருந்து கழற்றி தேவ்ளாலிக்கு அனுப்புவார்கள். ஆனால் ஊருக்குப் போகும் படைக்கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை. அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச்சோடு அவற்றின் பருவம் முடியும். கோடையில் செங்கடலின் வெப்பத்தில், நூற்றுக்கணக்கானோரை அடைத்த கப்பலை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும். 1866-67 முதல் செராபிஸ், குரோக்கடைல், யூஃப்ரட்டிஸ், ஜம்னா, மலபார் என்று இந்தியப் பயணத்துக்கென்றே ஐந்து கப்பல்களைக் கட்டி ஓட்டினார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து பயணமும் சுருங்கியது. ஆனால் பருவம் என்பது அப்படியே இருந்தது. ஆகவே ஏப்ரலில் காலம் முடிந்தவருக்கு அடுத்த கப்பல் அக்டோபரில். ஆறு மாதம் காத்திருப்பு.

அந்த ஆறு மாதத்தை எப்படிக் கழிப்பது? 1900களின் தொடக்கத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற படைவீரர் 1936ல் வெளியிட்ட 'ஓல்ட் சோல்ஜர் சாஹிப்' என்ற நினைவுக் குறிப்பில் இதை விவரிக்கிறார். காலம் முடிந்தவர்களிடம் துப்பாக்கி இல்லை, தளவாடம் இல்லை. எப்போதாவது சாமான்களைப் பரப்பிக் காட்ட வேண்டும், எப்போதாவது ஒரு நடைப்பயிற்சி. மற்றபடி வேலையே கிடையாது. பல ஆண்டு ஒரு கறை படாமல் பணியாற்றிய சிலர் அங்கே வந்த பிறகு ஏதாவது செய்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். சிலர் பால்வினை நோயோடு மருத்துவமனையில் படுத்தார்கள். விநோதமாக நடந்துகொள்பவரைப் பார்த்துச் சொல்லும் 'டூலாலி டாப்' என்ற பேச்சு, அந்த முகாமின் சலிப்பில் மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. அங்கே இருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் சொன்னது என்பதால் இதற்கு எடை அதிகம்.

தினமும் விடியுமுன் எழுந்து கொம்பு ஊதும் ஓசைக்கு ஓடிப் பழகிய உடம்பு அது. கையில் இருந்த ஆயுதம், கூட இருந்த தோழர்கள், நாளின் ஒழுங்கு எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஊருக்குப் போகலாம் என்று சொல்லியாகிவிட்டது, ஆனால் போக முடியாது. இந்த நிலையைப் புரிந்துகொண்டால்தான் சொல் புரியும்.

அங்க மென்டல் ஆஸ்பத்திரி இருந்துச்சாம், நம்ம கீழ்ப்பாக்கம் மாதிரி. அதனால வந்த பேருன்னு எங்க சார் சொன்னார். சரியா?

அதிகம் பரவிய விளக்கம் இதுதான். ஆனால் அது குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுகிறது. தேவ்ளாலியின் முதன்மை வேலை இடைத்தங்கல். அதோடு சேர்ந்து மருத்துவமனை இருந்தது, ராணுவச் சிறை இருந்தது. நாடு திரும்ப வேண்டிய நோயாளிகளும் அங்கே தங்கினார்கள். அதனால் மனம் கலங்கியவர்களை அங்கே பார்த்திருக்கலாம். ஆனால் ஊர் பெயர் பெற்றது மனநோய் விடுதியாக அல்ல.

கீழ்ப்பாக்கத்தின் கதை வேறு. சென்னையில் அரசு மனநல விடுதி 1871ல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இருந்ததால்தான் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற பேச்சு வந்தது. இலங்கையில் 'அங்கொடை' என்பதும் அங்குள்ள மனநல மருத்துவமனையால் வந்த வழக்கு. ஆங்கிலத்திலேயே இதற்கு நேர் உதாரணம் 'பெட்லம்': லண்டனின் பெத்லெம் மருத்துவமனைப் பெயர் திரிந்து 'ஒரே கூச்சல் குழப்பம்' என்ற பொருளுக்கு வந்தது. இந்த மூன்றிலும் நோய் முன்னே, ஊர்ப்பெயர் பின்னே. நோயாளியை அந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். தேவ்ளாலிக்கு நல்ல நிலையில் வந்தவர்கள் அங்கே கலங்கினார்கள். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

வெயில் மண்டையில ஏறி வெள்ளைக்காரனுங்க கிறுக்கானாங்கன்னும் படிச்சேன்.

வெயிலுக்கு இதில் சிறு பங்குதான். மேலே சொன்னபடி அது உயரமான பீடபூமி. ஏப்ரல், மே மாதங்களில் சுடும், இரவில் தணிந்துவிடும். பம்பாயின் புழுக்கம் அங்கே இல்லை. மும்பைக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள, காற்று மாற்ற என்று தேடிப் போகும் ஊர் அது. அதற்கென்றே அங்கே பல ஓய்வில்லங்கள் எழுந்தன. வெயில்தான் காரணம் என்றால் இந்தியாவில் அதைவிடக் காயும் பாசறைகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரும் இப்படி நிலைக்கவில்லை.

வெயில் வேறு வழியில் குற்றவாளி. செங்கடலின் கோடை கப்பலை நிறுத்தியது. கப்பல் நின்றதால் மனிதர்கள் தேங்கினார்கள்.

'டூலாலி டாப்'ல வர்ற டாப் என்ன? தலையைத் தட்டுறதா, தண்ணிக் குழாயா?

இரண்டும் இல்லை. எழுதும்போது டி-ஏ-பி என்று குழாய்க்கான சொல் போலவே எழுதுவதால் வரும் குழப்பம். மூலம் இந்துஸ்தானியில் 'தப்', பொருள் காய்ச்சல். சம்ஸ்கிருதத்தில் 'தப', 'தாப' என்றால் சூடு. பாரசீகத்திலும் காய்ச்சலுக்கு இதே ஒலியில் சொல் உண்டு. ஆகவே 'டூலாலி டாப்' என்பதன் நேர்ப்பொருள் 'தேவ்ளாலிக் காய்ச்சல்'. 'ஹி ஹாஸ் காட் தி டூலாலி டாப்' என்று, நோய் வந்ததைச் சொல்வது போலவே சொன்னார்கள்.

ஆங்கிலத்தில் 'டாப்' என்றால் தட்டுதல் என்ற பொருளும் இருப்பதாலும், மூளை குழம்பியவரைக் காட்ட நெற்றியில் விரலால் தட்டும் வழக்கம் இருப்பதாலும், பின்னால் வந்தவர்கள் அந்தப் பொருளை ஏற்றிக்கொண்டார்கள். மறந்துபோன அயல்மொழிச் சொல்லுக்குத் தெரிந்த சொல்லின் சட்டையை மாட்டிவிடுவது எல்லா மொழியிலும் நடப்பது.

அப்போ நம்ம 'தாபம்' இதோட சொந்தமா?

சொந்தம்தான். 'தாபம்', 'பரிதாபம்', 'பச்சாத்தாபம்', 'மனஸ்தாபம்' எல்லாம் தமிழுக்கு வந்த சம்ஸ்கிருதச் சொற்கள். வேர், அதே சூட்டைக் குறிக்கும் 'தப்'. பரிதாபம் என்றால் சுற்றிலும் சுடும் வெம்மை. மனஸ்தாபம் என்றால் மனத்தின் சூடு. ஊர் திரும்பக் காத்திருந்த அந்தப் படைவீரர்களுக்கு வந்த காய்ச்சலை இந்த வேரிலிருந்தே அழைக்க வேண்டுமானால், பரிதாபம் என்ற சொல்லே போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 'தவம்' என்பதும் 'தபஸ்' வழியாக இதே குடும்பம்.

எப்ப இருந்து இந்தச் சொல் இருக்கு? எழுத்துல ஆதாரம் உண்டா?

படைவீரர் பேச்சில் வாழ்ந்த சொற்கள் அச்சுக்குத் தாமதமாகவே வரும். படித்தவர்கள் எழுதிய கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் அவற்றுக்கு இடமிருக்காது. முதல் உலகப்போர்தான் அதை மாற்றியது. லட்சக்கணக்கான பொதுமக்கள் படையில் சேர்ந்தார்கள். இந்தியாவில் பழகிய பழைய படைவீரர்களின் சொற்களை அவர்களிடம் கற்றுக்கொண்டு, போர் முடிந்ததும் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1925ல் ஃப்ரேசர், கிப்பன்ஸ் இருவரும் தொகுத்து வெளியான படைவீரர், கடற்படையினர் சொல்லகராதியில் 'டூலாலி டாப்' இடம்பெற்றிருக்கிறது. மேலே சொன்ன ரிச்சர்ட்ஸின் நினைவுகள் அதற்கும் முந்தைய, 1914க்கு முற்பட்ட படை வாழ்க்கையைப் பற்றியவை.

'டாப்' எங்க போச்சு? இப்ப யாரும் சொல்றதில்லையே.

உதிர்ந்துவிட்டது. 'டாப்' என்றால் காய்ச்சல் என்று தெரிந்தவர்கள் இந்தியாவில் பணியாற்றிய தலைமுறை. அவர்கள் பிள்ளைகளுக்கு அது அர்த்தமில்லாத வால். வால் போனதும் 'டூலாலி'யின் இலக்கணமும் மாறியது. முன்பு அது எந்தக் காய்ச்சல் என்று சொல்லும் அடைமொழி, பிறகு தானே 'பைத்தியமான' என்ற பொருள் தரும் உரிச்சொல். ஊர்ப்பெயர் என்ற நினைவும் அதோடு போயிற்று. இன்று அதைச் சொல்லும் பிரிட்டிஷ்காரர் பலருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

பொருளும் இளகியது. 'மனம் பேதலித்த' என்பதிலிருந்து 'கொஞ்சம் கிறுக்குத்தனமான', 'உற்சாகத்தில் தலைகால் புரியாத', 'சொன்னபடி கேட்காத' என்று பரவியது. கணினிக்கும் கடிகாரத்துக்கும் சொல்ல முடிவது இதனால்தான்.

பழைய பிபிசி காமெடி சீரியல் ஒண்ணுல இருந்துதான் இது வந்ததாமே?

'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' என்ற தொடரைச் சொல்கிறார்கள். 1974 முதல் 1981 வரை ஒளிபரப்பானது, தொடக்கத்தில் கதைக்களம் தேவ்ளாலி முகாம். சொல் அதைவிடக் குறைந்தது அரை நூற்றாண்டு பழையது. ஊர்ப்பெயரைப் பலர் காதில் மறுபடி விழவைத்தது அந்தத் தொடர், அவ்வளவே.

அடிபட்டவங்களை டோலியில தூக்கிட்டுப் போவாங்களே, அதுல இருந்து வந்திருக்கலாமே?

வாய்ப்பில்லை. நம் டோலியை ஆங்கிலேயப் படைகள் 'டூலி' என்றே அழைத்தன, காயம்பட்டவர்களை அதில் சுமந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் 'டூலி' தனிச் சொல், பொருள் கடைசிவரை தூக்குப் படுக்கைதான். பைத்தியம் என்ற பொருளுக்கு அது நகர்ந்த தடயமே இல்லை. 'டூலாலி டாப்' என்பதில் 'காய்ச்சல்' ஒட்டியிருப்பது, முன்னால் இருப்பது ஊர் என்பதைக் காட்டுகிறது. காய்ச்சலை ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்வது படைகளின் வழக்கம். டோலியைக் காய்ச்சலோடு சேர்க்க ஒரு காரணமும் இல்லை.

மும்பையிலயும் புனேயிலயும் டூலாலின்னு பியர் கடை இருக்கே?

ஆம், 2009ல் புனேயில் தொடங்கிய மதுவடிப்பு நிறுவனம். பியர் வரும் குழாயும் 'டாப்', பழைய காய்ச்சலும் 'டாப்'. அந்த இரட்டைப் பொருள் இந்தப் பெயருக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இதே மாதிரி நம்ம பக்கத்துல இருந்து போன வேற கொச்சைச் சொல் இருக்கா?

நிறைய இருக்கின்றன. சில தமிழர்களுக்கு முதல் பார்வையிலேயே அடையாளம் தெரியும். 'குஷ்ஷி ஜாப்' என்றால் அலுங்காமல் சம்பளம் வாங்கும் வேலை. அது நாமும் சொல்லும் 'குஷி'தான், பாரசீகம் வழியே இந்துஸ்தானிக்கு வந்து இரு பக்கமும் பிரிந்தது. 'பக்கா' அவர்களிடம் 'அசல், உயர்தர' என்ற பொருளில் இருக்கிறது. நாம் 'பக்கா பிளான்' என்கிறோம். 'ஹாவ் அ டெக்கோ' என்றால் ஒரு பார்வை பார், இந்தியின் 'தேக்கோ'.

இவற்றில் டூலாலிக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது 'பிளைட்டி'. அரபியில் 'விலாயத்' என்றால் ஆட்சிப்பகுதி. இந்துஸ்தானியில் 'விலாயதி' என்றால் அயல்நாட்டு, குறிப்பாக ஐரோப்பிய. நாம் சீமைத்துணி, சீமை ஓடு என்று 'சீமை' சேர்ப்பது போல. சில வட்டாரங்களில் அது 'பிலாயதி' ஆகும். அதைக் கேட்ட படைவீரர்கள் 'பிளைட்டி' என்று ஆக்கி, தங்கள் தாய்நாட்டுக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப்போரில், உயிருக்கு ஆபத்தில்லாமல், ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பட்ட காயத்தை 'பிளைட்டி' என்றே அழைத்தார்கள். ஒரு சொல் ஊருக்குப் போகும் ஏக்கம், இன்னொன்று போக முடியாத தவிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் அந்தச் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை தெரிகிறது.

ஊர்ப்பெயரே பொருளாகிப் போனவையும் உண்டு: மும்பை டோங்ரியிலிருந்து 'டங்கரீ' துணி, கோழிக்கோட்டிலிருந்து 'காலிகோ' துணி, கொல்கத்தாவை ஒட்டிய டம்டமிலிருந்து 'டம்டம்' தோட்டா.

அமெரிக்கால சொன்னா புரியுமா?

பெரும்பாலும் புரியாது. அவர்களின் படை தேவ்ளாலியில் காத்திருக்கவில்லை, சொல்லும் அங்கே குடியேறவில்லை.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுலயோ ஆபீஸ் மெயில்லயோ போடலாமா?

எழுத்துத் தேர்வில் வேண்டாம். அது முறையான நடை கேட்கும் இடம். வாய்மொழித் தேர்வில் இயல்பாக வந்தால் தவறில்லை. மெயிலில், நெருங்கிப் பழகிய சக ஊழியருக்கு, இயந்திரத்தைப் பற்றி என்றால் சரி. மனிதரைப் பற்றி எழுத்தில் வேண்டாம்.

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். அம்மம்மாவுக்கு ஞாபகமறதி. பக்கத்து வீட்டு மனுசி "ஷீ இஸ் கோயிங் அ பிட் டூலாலி" எண்டு சொன்னா. எனக்குக் கோவம் வந்திட்டுது. அது கூடாத சொல்லோ?

வசைச்சொல் அல்ல. அந்த அம்மா பரிவோடுகூடச் சொல்லியிருக்கலாம், வயதானவர்களின் தடுமாற்றத்தை அந்த நாட்டில் இப்படிச் சொல்வது உண்டு. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. ஞாபகமறதி மூளையில் வரும் நோய், கிறுக்குத்தனம் அல்ல. 'விசர்' என்று நம் ஆட்களே விளையாட்டாகச் சொல்வதும், நோயாளி வீட்டில் இருக்கும்போது அதே சொல் சுடுவதும் உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

'ஷீ ஹாஸ் டிமென்ஷியா' என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் உடனே மன்னிப்புக் கேட்பார்கள். மருத்துவரோ செவிலியரோ நோயாளியைப் பற்றி இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அது முறையல்ல, தயங்காமல் சொல்லலாம். நோயுள்ளவரைச் சொல்லாதே, பிரிண்டரைச் சொல் என்பதே எங்கள் வழிகாட்டல்.

கதை ஒண்ணு மொழிபெயர்க்கிறேன். தமிழ்ல 'டூலாலி'க்கு என்ன போடுறது?

ஒரே சொல்லைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். யார், எதைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இயந்திரம் என்றால் 'மக்கர் பண்ணுது'. நண்பனைக் கேலி செய்தால் 'மறை கழண்டுபோச்சு', ஈழத்துப் பாத்திரம் என்றால் 'விசர் பிடிச்சிட்டுது'. இரைச்சல், தொல்லை என்றால் 'மண்டை காயுது'. 'லூசு' போடுவது எளிது. ஆனால் அதில் ஓர் அடி இருக்கிறது, மூலத்தில் பெரும்பாலும் அந்த அடி இல்லை.

கதை 1940களுக்கு முந்தைய படைவீரர்களைப் பற்றியது என்றால், 'டாப்' ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் 'தேவ்ளாலிக் காய்ச்சல்' என்றே போடலாம். வாசகர் ஒரு கணம் தடுக்கி நிற்பார், ஆனால் இடமும் காத்திருப்பும் தமிழிலும் வந்துவிடும். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று போடும் ஆசை வரும். வேண்டாம். காரணம் மேலே ஆஸ்பத்திரி பற்றிய பதிலில் இருக்கிறது, அது வேறு கதை.

அந்த ஊர்க்காரங்களுக்கு இது அவமானமா இல்லையா? ஊர் இப்ப எப்படி இருக்கு?

ஊரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஊரை முகாமாக்கியதும், கப்பல் இல்லாத மாதங்களில் ஆட்களை அங்கே குவித்ததும் ராணுவ நிர்வாகத்தின் திட்டம். 1947க்குப் பின் முகாம் இந்திய ராணுவத்தின் கைக்கு வந்தது. இன்று பீரங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி அங்கேதான். 2020 ஆகஸ்டில் நாட்டின் முதல் கிசான் ரயில் காய்கனிகளோடு பீகாரின் தானாபூருக்குக் கிளம்பியதும் தேவ்ளாலி நிலையத்திலிருந்துதான். உள்ளூர்க்காரரிடம் பேசும்போது 'டூலாலி' என்று சொல்லாதீர்கள், 'தேவ்ளாலி' என்று 'ள' அழுத்திச் சொல்லுங்கள். நமக்கு அந்த எழுத்து வரும்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு கதை சொல்றாங்க. எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான்கு கேள்வி போதும். சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்று எது, கதை அதற்கு முந்தையதா? கதை சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லைப் பேசியவர்கள் உண்மையில் இருந்தார்களா? ஒலி படிப்படியாக மாறியதைக் காட்ட முடிகிறதா? பொருள் நகர்ந்த பாதையில் இடைப்பட்ட படி ஏதாவது கிடைக்கிறதா? டூலாலி நான்கிலும் தேறுகிறது. முகாம் 1861லிருந்து இருந்தது. படைவீரர்கள் அங்கே இருந்தார்கள். தே, டியோ, டூ என்று ஒலியின் தடம் தெரிகிறது. 'டூலாலி டாப்' என்ற இடைப்படி அச்சிலேயே கிடைக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே கப்பல் வழியைப் பற்றிய இன்னொரு கதை: ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்'. இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, அதாவது 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்று பணக்காரர்களின் பயணச்சீட்டில் அச்சடித்தார்கள், அதன் முதலெழுத்துக்களே 'பாஷ்' என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அப்படி அச்சிட்ட ஒரு சீட்டைக்கூட யாரும் கண்டெடுக்கவில்லை. கதையே 1930களில்தான் தலைகாட்டுகிறது, சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. முதலெழுத்துக்களைக் கோத்து விளக்கும் பழைய சொற்கதை எதைக் கேட்டாலும் முதலில் சந்தேகப்படுங்கள். பேச்சில் பிறந்த சொற்கள் எழுத்துக்களைக் கோத்துப் பிறப்பதில்லை, காதில் விழுந்த ஒலி வாயில் திரிந்து பிறக்கின்றன.